ஃபோகஸ் வெச்சது கண்ணுல... ஷார்ப்பா விழுந்தது காதுல! உங்க டிஎஸ்எல்ஆர் லென்ஸை நீங்களே சரிசெய்வது எப்படி?

முகூர்த்த நேரம். கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கிறது. கேமராவின் ஃபோகஸ் பாயின்ட் மணமகளின் கண் மீது சரியாக நிற்கிறது, 'பீப்' சத்தமும் வந்துவிட்டது, ஷட்டரும் விழுந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் லேசாக மங்கியிருக்கிறது. காதில் ஆடும் ஜிமிக்கி மட்டும் கல் கல்லாக எண்ணும் அளவுக்குத் துல்லியமாக விழுந்திருக்கிறது. தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்லிக் கேட்க முடியாது.

இப்படி நடந்தால் பலரும் முதலில் தங்கள் கையைச் சந்தேகப்படுவார்கள். அடுத்து லென்ஸ் மீது சந்தேகம் வரும். 'இந்த பீஸ் சரியில்ல' என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வேறு லென்ஸ் வாங்குவார்கள். அதுவும் அதே மாதிரி எடுத்தால் கேமராவும் விற்பனைக்கு வந்துவிடும்.

உண்மையில் லென்ஸும் நல்ல லென்ஸாக இருக்கலாம், கேமராவும் நல்ல கேமராவாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் உள்ள 'செட்டிங்' மட்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யும் வசதி பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் மெனுவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அதைத் தொடுவதற்கு முன்பு சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீப் அடிச்சும் ஏன் மிஸ் ஆகுது?

பள்ளி இயற்பியலில் 'குவியம்' என்று படித்தோமே, அதே சமாச்சாரம்தான் ஃபோகஸ். லென்ஸ் வழியாக வரும் ஒளி சென்சார் இருக்கும் இடத்தில் சரியாகக் குவிந்தால் படம் ஷார்ப். கொஞ்சம் முன்னால் குவிந்தாலோ, பின்னால் குவிந்தாலோ மங்கல்.

டிஎஸ்எல்ஆரில் ஒரு சிக்கல் இருக்கிறது. வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது, ஃபோகஸை அளப்பது படம் பதிவாகும் சென்சார் அல்ல. உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் ஊடுருவ விடும். அந்த ஒளி, பின்னால் இருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடியில் பட்டு கீழ்நோக்கித் திரும்பி, கேமராவின் அடிப்பகுதியில் உள்ள தனி ஏஎஃப் சென்சாருக்குப் போகும். லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று முடிவு செய்வது அந்த சென்சார்தான். இதற்கு 'ஃபேஸ் டிடெக்ஷன்' என்று பெயர். நாம் ஷட்டரை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே தூக்கிக்கொள்ளும், ஒளி நேராகப் பின்னால் உள்ள மெயின் சென்சாரில் விழும்.

அதாவது அளவெடுப்பது ஒருவர், துணி வெட்டுவது இன்னொருவர். தையல் கடையில் இரண்டு பேரின் டேப்பும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்னையில்லை. ஒரு டேப் லேசாக நீண்டிருந்தால் சட்டை பிடிக்கும். ஒளி கண்ணாடி வழியாக ஏஎஃப் சென்சாருக்குப் போகும் தூரமும், நேராக மெயின் சென்சாருக்குப் போகும் தூரமும் இம்மி பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு லென்ஸிலும் தயாரிப்பின்போது சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். கேமராவின் பிசகும் லென்ஸின் பிசகும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் படத்தில் தெரியும், எதிரெதிர் பக்கமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நண்பரின் கேமராவில் அருமையாக வேலை செய்த லென்ஸ், நம்ம கேமராவில் சொதப்புவது இதனால்தான்.

நாம் வைத்த இடத்துக்கு முன்னால் ஷார்ப்பாக விழுந்தால் 'ஃபிரண்ட் ஃபோகஸ்', பின்னால் விழுந்தால் 'பேக் ஃபோகஸ்'. மேலே சொன்ன ஜிமிக்கி கதை பேக் ஃபோகஸ்.

இந்தக் குட்டிக் கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 2007ஆம் ஆண்டு கேனான் நிறுவனம் இஓஎஸ் 1டி மார்க் 3 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுக்கும் தொழில்முறை ஆட்களுக்கான கேமரா அது. ஓடும் வீரர்கள் மீது ஃபோகஸ் நிற்கவில்லை என்று புகார்கள் கிளம்பின. கடைசியில் அந்த இரண்டாவது கண்ணாடியின் அமைப்பில் பிரச்னை இருப்பதை ஏற்றுக்கொண்டு, இலவசமாகச் சரிசெய்து தருவதாக அந்த ஆண்டே கேனான் அறிவித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், லென்ஸுக்கு ஏற்ப ஃபோகஸை மெனுவில் திருத்தும் 'ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்' வசதியை கேனான் முதன்முதலில் கொடுத்ததும் இதே கேமராவில்தான்.

கிட் லென்ஸில் தெரியாதது 50 எம்எம்மில் தெரிவது ஏன்?

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை வைத்து இரண்டு வருடம் எடுத்தவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. ஆசைப்பட்டு 50 எம்எம் எஃப் 1.8 வாங்கிய மறுநாளே 'ஃபோகஸ் மிஸ் ஆகுது' என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர். எதிரில் இருப்பவர் 2 மீட்டர் தூரத்தில் நிற்கிறார். கிட் லென்ஸில் 55 எம்எம், எஃப் 5.6 வைத்து எடுத்தால் முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 28 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எல்லாம் ஷார்ப்பாகத் தெரியும். ஃபோகஸ் 5 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலும் முகம் தப்பித்துவிடும். அதே தூரத்தில் 50 எம்எம் எஃப் 1.8 என்றால் இந்த ஆழம் சுமார் 11 சென்டிமீட்டராகக் குறைகிறது. 85 எம்எம் எஃப் 1.8 போட்டால் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம் இதைவிட அதிகம். அப்புறம் ஜிமிக்கி ஷார்ப்பாகாமல் என்ன செய்யும்!

கேமராவுக்கு உள்ளே பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். எஃப் 1.8ல் ஒளி குவியும் இடம் சென்சாரிலிருந்து விலகிப்போக அனுமதிக்கப்படும் மொத்த இடைவெளி சுமார் 0.07 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இவ்வளவு நுணுக்கத்தில் இத்தனை லென்ஸும் கேமராவும் பொருந்திப்போவதுதான் ஆச்சரியம் என்று தோன்றுகிறது.

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னாடி...

மங்கலான படத்துக்கெல்லாம் ஃபோகஸ் பிசகு காரணமில்லை. சொல்லப்போனால் பெரும்பாலும் காரணம் வேறாகத்தான் இருக்கும்.

படத்தில் எங்குமே எதுவுமே ஷார்ப்பாக இல்லையென்றால் அது கை ஆட்டம் அல்லது ஷட்டர் வேகம். 50 எம்எம் லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் போட்டால் குறைந்தது 1/80 வேண்டும். எதிரில் இருப்பவர் அசைகிறார் என்றால் 1/250க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. எங்கோ ஓரிடம் ஷார்ப்பாக இருந்து, அது நாம் வைத்த இடமாக இல்லாமல் இருந்தால் மட்டுமே ஃபோகஸைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடு பாயின்ட்டில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேமை மாற்றி எடுப்பது. எஃப் 8ல் ஒன்றும் ஆகாது. எஃப் 1.8ல், பக்கத்தில் நின்று எடுக்கும்போது, கேமரா திரும்பும் அந்தக் கோணமே ஃபோகஸைக் கண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய்விடும். முகத்தின் மேல் விழும்படி ஓரத்துப் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

வியூஃபைண்டரில் பார்க்கும்போதே எல்லாம் மங்கலாகத் தெரிகிறதா? அது உங்கள் பார்வைக்கு ஏற்ப வியூஃபைண்டரை மாற்றும் டயாப்டர் சக்கரத்தின் வேலை. பக்கத்திலேயே இருக்கும், திருப்பினால் சரியாகிவிடும். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டிலேயே டெஸ்ட் செய்வது எப்படி?

இதற்கென்றே லென்ஸ் அலைன் போன்ற விலையுயர்ந்த சார்ட்டுகள் விற்கிறார்கள். நமக்கு தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளே போதும். வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் தேதி. ஏஎஃப் சென்சாருக்குப் பிடித்தமான பளிச்சென்ற விளிம்பு அதில் இருக்கிறது. அதை ஒரு அட்டைப்பெட்டியில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக, பாதி பெட்டிக்கு முன்னாலும் பாதி பின்னாலும் வருவதுபோல நிறுத்துங்கள். ஸ்கேலின் நடுக்கோடு தேதித் தாளுக்கு நேராக இருக்க வேண்டும்.

பலர் ஸ்கேல் மீதே ஃபோகஸ் வைத்து டெஸ்ட் செய்கிறார்கள். அது தவறான முடிவைத் தரும். வியூஃபைண்டரில் தெரியும் சின்னக் கட்டத்தைவிட உண்மையான ஏஎஃப் பகுதி பெரியது. சாய்ந்த ஸ்கேலில் அது எந்தக் கோட்டைப் பிடித்தது என்று நமக்குத் தெரியாது. ஃபோகஸ் வைப்பது தட்டையான தாளில், பார்ப்பதற்கு மட்டும்தான் ஸ்கேல்.

கேமராவை டிரைபாடில், தாளுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் வையுங்கள். தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் எம்எம்மை 50ஆல் பெருக்குவது. 50 எம்எம்முக்கு 2.5 மீட்டர், 85 எம்எம்முக்கு 4.25 மீட்டர். 200 எம்எம் என்றால் 10 மீட்டர் வரும், மொட்டை மாடிதான் கதி. இது சட்டமெல்லாம் இல்லை. நீங்கள் வழக்கமாக எந்தத் தூரத்தில் ஆட்களை எடுப்பீர்களோ அந்தத் தூரத்தில் டெஸ்ட் செய்வது இன்னும் உருப்படியானது.

நல்ல பகல் வெளிச்சம் இருக்கட்டும். லென்ஸின் ஆகப் பெரிய திறப்பு, அதாவது எஃப் 1.8 லென்ஸ் என்றால் 1.8தான். நடு ஏஎஃப் பாயின்ட் மட்டும் ஆன். ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ் மோடு. லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் ஆஃப். முன்னால் மாட்டிய ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பட்டனைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். லைவ் வியூவில் கண்ணாடிகள் தூக்கியபடி இருப்பதால் மெயின் சென்சாரே ஃபோகஸை அளக்கிறது. எனவே அந்தப் படம்தான் நமக்கு அளவுகோல். அடுத்து லைவ் வியூவை அணைத்து, வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஐந்தாறு படங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். கலைக்காமல் எடுத்தால் ஒரே படத்தை ஆறு தடவை எடுத்த மாதிரிதான்.

கம்ப்யூட்டரில் 100 சதவிகிதம் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு ஷார்ப்பாக இருந்தால் உங்கள் லென்ஸில் பிரச்னையே இல்லை, இதோடு கிளம்பலாம். வியூஃபைண்டர் படங்கள் எல்லாமே ஒரே பக்கமாக, ஸ்கேலில் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தால் மெனுவில் சரிசெய்யலாம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று நடுவில் என்று சிதறியிருந்தால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. அது சர்வீஸ் கேஸ்.

பிளஸ்ஸா, மைனஸா?

கேனானில் இதன் பெயர் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட். கஸ்டம் ஃபங்ஷன் பகுதியில் இருக்கும், சில மாடல்களில் ஏஎஃப் மெனுவிலேயே வந்துவிடும். நிக்கானில் ஏஎஃப் ஃபைன் டியூன், செட்டப் மெனுவில் இருக்கும். இரண்டிலும் மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை எண்கள்.

பிளஸ் பக்கம் போனால் ஃபோகஸ் கேமராவை விட்டுப் பின்னால் தள்ளிப்போகும். மைனஸ் என்றால் கேமராவை நோக்கி முன்னால் வரும். ஆக ஃபிரண்ட் ஃபோகஸுக்குப் பிளஸ், பேக் ஃபோகஸுக்கு மைனஸ்.

ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி அவஸ்தைப்பட வேண்டாம். 0 முடிந்ததும் மைனஸ் 10, பிளஸ் 10 என இரண்டு பக்கமும் எடுத்துப் பாருங்கள். எது நெருங்கி வருகிறதோ அந்தப் பக்கம் 5, பிறகு 3, 2 என்று சுருக்குங்கள். ஒவ்வொரு எண்ணிலும் குறைந்தது மூன்று படம். ஏஎஃப்புக்கே இயல்பாகக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, ஒற்றைப் படத்தை நம்பி முடிவு செய்யக்கூடாது. கேனானில் 'எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு' என்ற ஆப்ஷனும் 'லென்ஸ்வாரியாக' என்ற ஆப்ஷனும் இருக்கும். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கானில் எண்ணைப் பதிவு செய்ததோடு, மேலே உள்ள ஆன்/ஆஃப் வசதியை ஆன் செய்யவும் வேண்டும். அப்போதுதான் அந்த எண் வேலை செய்யும்.

நிக்கான் டி5, டி500, டி7500, டி850 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். லைவ் வியூவில் நடு பாயின்ட்டால் தாளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோடு பட்டனையும் வீடியோ ரெக்கார்டு பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடிக்குச் சற்று மேல் அழுத்திப் பிடித்தால் கேமராவே எண்ணைக் கணக்கிட்டுப் பதிவு செய்துகொள்ளும். ஒருமுறை வந்த எண்ணை அப்படியே நம்பாமல் ஐந்தாறு முறை செய்து, அடிக்கடி வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

'டாட் டியூன்' என்று ஒரு முறையும் இருக்கிறது. லைவ் வியூவில் கச்சிதமாக ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு வியூஃபைண்டரில் ஃபோகஸ் ஓகே என்று காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே மெனு எண்ணை மாற்ற வேண்டும். மைனஸ் 2லிருந்து பிளஸ் 10 வரை புள்ளி நிலையாக எரிகிறது என்றால் நடுவில் உள்ள பிளஸ் 4தான் உங்கள் எண். படமே எடுக்காமல் முடிந்துவிடும் என்பதால் இதற்கு ரசிகர்கள் அதிகம். ஆனால் கடைசியில் நாலு படம் எடுத்துச் சரிபார்த்துவிடுவது உத்தமம்.

எண் முடிவானதும் தூரத்தில் உள்ள செல்போன் டவரையோ கோயில் கோபுரத்தையோ எடுத்துப் பாருங்கள். அதிகமான திருத்தம் செய்தால் சில லென்ஸ்கள் வெகுதூரத்திலோ மிக அருகிலோ ஃபோகஸ் ஆகாமல் போக வாய்ப்புண்டு.

ஜூம் லென்ஸும் மண்டப லைட்டும்

பிரைம் லென்ஸுக்கு ஒரே ஒரு எம்எம் என்பதால் ஒரே எண். ஜூம் லென்ஸில் 24 எம்எம்மில் சரியாக இருப்பது 70 எம்எம்மில் தள்ளிப்போகலாம். கேனான் 5டி மார்க் 3 போன்ற மாடல்களில் வைடு முனைக்கு ஒன்று, டெலி முனைக்கு ஒன்று என இரண்டு எண் கொடுக்கலாம். ஒற்றை எண் மட்டுமே ஏற்கும் கேமரா என்றால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்குச் சரிசெய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் டெலி முனையைத் தேர்ந்தெடுக்கலாம், அங்கேதான் ஆழம் குறைவு.

கல்யாணம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெவ்வேறு நிற ஒளி லென்ஸில் சற்றே வெவ்வேறு இடத்தில் குவியும். பகல் வெளிச்சத்தில் சரியாக இருந்த ஏஎஃப், மஞ்சள் பல்புக்குக் கீழேயோ ஊதா, சிவப்பு எல்இடி மேடையிலோ கொஞ்சம் விலகலாம். ரிசப்ஷன் தொடங்கும் முன் அந்த லைட்டிலேயே இரண்டு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. விலகல் தெரிந்தால் அங்கே நின்று மெனுவை நோண்ட வேண்டாம், எஃப் 2.8க்கு இறங்கிவிடுங்கள்.

என் கேமராவில் அந்த மெனுவே இல்லையே?

இருக்காது. ஆரம்பநிலை மாடல்களில் கம்பெனிகள் இதைக் கொடுப்பதில்லை. கேனான் 700டி, 1300டி, 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5300, டி5600 எதிலும் கிடையாது. கேனானில் 2008ல் வந்த 50டியில் இருந்தது, 2010ல் வந்த 60டியில் எடுத்துவிட்டார்கள், 2013ல் 70டியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். செகண்ட் ஹேண்டில் 60டி வாங்குவதா, 70டி வாங்குவதா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மெனு இல்லாதவர்களுக்கு சில வழிகள் உண்டு. உங்கள் லென்ஸ் சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தது என்றால் அந்த நிறுவனத்தின் யுஎஸ்பி டாக் மூலம் லென்ஸுக்குள்ளேயே திருத்தத்தைப் பதிவு செய்யலாம். கேமராவில் வசதி இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. ஜூம் லென்ஸ் என்றால் நான்கு எம்எம், ஒவ்வொன்றிலும் நான்கு தூரம் என 16 இடங்களில் தனித்தனியாகச் சரிசெய்யலாம் என்பது கேமரா மெனுவைவிடவும் வசதி. டாம்ரானின் சில லென்ஸ்களுக்கு இதேபோல டாப்-இன் கன்சோல் இருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் நிதானமாக எடுக்கும் போர்ட்ரெய்ட்டுகளுக்கு லைவ் வியூவைப் பயன்படுத்துங்கள். 70டி, 80டி, 200டி போன்றவற்றில் டூயல் பிக்சல் ஏஎஃப் இருப்பதால் லைவ் வியூ வேகமாகவே வேலை செய்யும். 1300டி, 1500டியில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

யூடியூபைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஆலன் கீ வைத்துத் திருகும் வேலை மட்டும் வேண்டாம். மெனுவில் மாற்றியதை எப்போது வேண்டுமானாலும் பூஜ்யத்துக்குத் திருப்பலாம். அந்த ஸ்க்ரூ முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பாது. ஒரு லென்ஸுக்காகத் திருகினால் மற்ற எல்லா லென்ஸின் ஃபோகஸும் மாறிவிடும்.

மிரர்லெஸ் கேமராவுக்கும் இது தேவையா?

பொதுவாகத் தேவையில்லை. மிரர்லெஸ்ஸில் படம் பதிவாகும் அதே சென்சார்தான் ஃபோகஸையும் அளக்கிறது. அளவெடுப்பவரும் வெட்டுபவரும் ஒரே ஆள். நிக்கானின் இசட் வரிசையில் ஃபைன் டியூன் மெனு இன்னும் இருக்கிறது, ஆனால் அதைத் தொட வேண்டிய அவசியம் அபூர்வமாகத்தான் வரும். டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டியவர்கள் 'பழைய லென்ஸ் திடீர்னு ஷார்ப்பாயிடுச்சு' என்று சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சர்வீஸ் சென்டருக்கு எப்போது போகணும்?

திருத்தம் 15ஐத் தாண்டிப் போகிறது, டெஸ்ட் படங்கள் இரண்டு பக்கமும் சிதறுகின்றன, லென்ஸ் கீழே விழுந்த பிறகு ஒரு ஓரம் மட்டும் மங்குகிறது... இந்த மூன்றில் எது இருந்தாலும் மெனுவால் தீராது. போகும்போது லென்ஸை மட்டும் கொடுக்காமல் கேமராவையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாட்டித்தான் அவர்களால் பொருத்திப் பார்க்க முடியும். மெனுவில் கொடுத்த எண்ணை முதலில் பூஜ்யத்துக்கு மாற்றிவிடுங்கள். லைவ் வியூவில் எடுத்த படம், வியூஃபைண்டரில் எடுத்த படம் இரண்டையும் கிராப் செய்யாமல் மெமரி கார்டிலேயே கொண்டுபோய்க் காட்டினால், 'போட்டோ சரியா வரல சார்' என்று வாயால் விளக்குகிற நேரம் மிச்சம். சர்வீஸிலிருந்து வந்த பிறகு அதே காலண்டர் தாளை ஒட்டி இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டருக்குக் கிளம்பலாம்.